வடிவுக்குச் சன்னலோரம் பிடித்த கதை

உலகத்தில் எத்தனையோ விமான நிலையங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் விமானம் வரும், போகும். அதில் கதையாகச் சொல்ல என்ன இருக்கிறது? நரிப்பொட்டல் விமான நிலையத்தின் சங்கதியே வேறு. அங்கே ஓடுபாதை வந்து மூன்று தலைமுறை கழித்துத்தான் முதல் விமானம் வந்தது. அதுவரை அந்தப் பாதையில் இறங்கியது வெயிலும், எப்போதாவது மழையும், கொஞ்சம் கொக்குகளும்தான்.

யுத்த காலத்தில் போட்ட பாதை அது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் பொட்டலை அளந்து, கல்லைக் கொட்டி, தாரை ஊற்றி, நீளமாகப் போட்டு முடித்தார். முடித்த வாரமே யுத்தமும் முடிந்துவிட்டது. துரை மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, "இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர்க்காரர்கள் சொல் தவறாதவர்கள். முறை வைத்துப் பார்த்தார்கள். காலையில் இரண்டு பேர், மாலையில் இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரை செத்துப்போன சேதி வந்த பிறகும் பார்த்தார்கள். வெறும் பாதையை எத்தனை நாள்தான் பார்ப்பது என்று கடைசியில் அலுத்துப்போய், அதில் மிளகாய் வற்றலைக் காயப்போட்டு அதையும் சேர்த்துப் பார்த்தார்கள். நரிப்பொட்டல் வற்றலுக்குத் தனி ருசி என்று சந்தையில் பேர் கிடைத்தது இப்படித்தான். அது தார் வாசனை என்று சொல்கிற பொறாமைக்காரர்களும் உண்டு.

சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுவது என்று ஒருநாள் முடிவாயிற்று. ஏற்கெனவே பாதை இருக்கிற ஊர் என்பதால் நரிப்பொட்டலுக்கு யோகம் அடித்தது. கட்டடம் கட்ட நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வீட்டுக்கொரு வேலை. அப்படி வேலைக்கு வந்த நாலு பேரில் தலைவர்தான் நம்ம கொம்பையா.

கொம்பையாவுக்கு வயது நாற்பத்தொன்று. அதற்கு முன்னால் பக்கத்து டவுன் பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதிப் பஸ்ஸைக் கிளப்பிவிடும் வேலை. போக்குவரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர் என்று அவரையே நிலையத்துக்குப் பொறுப்பாளராகவும், விமானியோடு பேசுகிறவராகவும் போட்டுவிட்டார்கள். அவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. பஸ்ஸுக்கு இறக்கை வைத்தால் விமானம். இறக்கையை டிரைவர் கவனித்துக்கொள்வார், மீதியை நாம் கவனித்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

மற்ற மூவரில் பொன்னுலிங்கம் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர். மூக்காண்டிக்கு ஓடுபாதையில் வரும் ஆடுகளையும் பறவைகளையும் விரட்டுகிற வேலை. ஆவுடையக்கா பயணிகளின் பைகளைக் கவனித்துக்கொண்டே காபிக்கடையையும் கவனிப்பார். நாலு பேருக்கும் தங்கமான மனசு. புத்தியைப் பொறுத்தவரை ஒருவரை ஒருவர் தாழ்வாக நினைக்க வழியில்லாமல் கடவுள் சமமாகப் பங்கு வைத்திருந்தார்.

நிலையத்தின் வசதிகளையும் சொல்லிவிடுகிறேன். இரும்பு நாற்காலி போட்ட கூடம் ஒன்று. அதன் மூலையில் பைகள் சுற்றிவர ஒரு ரப்பர் பெல்ட். ஊரின் பழைய தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளையடித்து, கண்ணாடி வைத்து, ஏணி சாத்தியதும் அதுவே கட்டுப்பாட்டுக் கோபுரம் ஆகிவிட்டது. விமானியோடு பேசக் கோபுரத்தில் ஒரு பெரிய வயர்லெஸ் பெட்டி, கையோடு எடுத்துக்கொண்டு திரிய ஒரு சின்ன வயர்லெஸ். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டக் கம்பத்தின் உச்சியில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு துணிக்குழாய். மைக் ஒன்று. ஒலிபெருக்கி மட்டும் நிறைய. கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவர் ஒப்பந்தம் எடுத்திருந்தார்.

இவர்களுக்குப் பாடம் சொல்லித்தர ஞானராஜ் என்று ஓர் அதிகாரி வந்தார். வந்த முதல் நாளிலேயே அவருக்கு விஷயம் புரிந்துபோயிற்று.

"இங்க பாருங்க, நான் சொல்றதை அப்படியே செய்யுங்க. உங்க சொந்த மூளையை எதுக்குமே உபயோகிக்க வேண்டாம்" என்றார்.

நாலு பேருக்கும் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நெட்டுருப் போட்டார்கள்.

"இந்தத் துணிக்குழாய் தொங்கக் கூடாது, நல்லா விறைப்பா நிக்கணும், அப்பதான் விமானிக்குத் தெரியும்" என்று அதைக் கம்பத்தில் ஏற்றும்போது அவர் சொன்னார். அவர் ஊருக்குப் போன மறுநாளே காற்று நின்றுபோய்க் குழாய் தொங்கிவிட்டது. ஆவுடையக்கா அதைக் கீழே இறக்கி, இலவம்பஞ்சை அடைத்து, வாயைத் தைத்து மறுபடி ஏற்றினார். அன்றிலிருந்து புயல் அடித்தாலும் புழுக்கமாக இருந்தாலும் நரிப்பொட்டலில் காற்று கிழக்குப் பக்கமாகவே பலமாக வீசிக்கொண்டிருந்தது.

"தீயணைப்பு வண்டித் தொட்டி எப்பவும் நிறைஞ்சிருக்கணும், ஒரு சொட்டுகூடக் குறையக் கூடாது. அடிக்கடி ஒத்திகை பாருங்க" என்றும் அவர் சொல்லியிருந்தார். தீ இல்லாமல் என்ன ஒத்திகை என்று வண்டி நிறுத்தும் ஓலைக் கொட்டகைக்கு அவர்களே தீ வைத்தார்கள். வண்டியை முதலில் வெளியே எடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அளவுக்கு விவரமானவர்கள்.

"அடிப்பா தண்ணியை!" என்றார் கொம்பையா.

"அடிச்சா குறைஞ்சிருமே அண்ணாச்சி" என்றார் பொன்னுலிங்கம், குழாயைக் கையில் பிடித்தபடி. "ஒரு சொட்டு குறையக் கூடாதுன்னுல்லா சொல்லியிருக்காரு."

கொம்பையா தாடையைத் தடவிக்கொண்டார். "அதுவும் சரிதான். அப்ப தீயை என்ன செய்ய?"

"அதுபாட்டுக்கு எரியுது. நாம எதுக்கு அதைத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

கொட்டகை முழுவதும் எரிந்து தீ தானாக அணைந்தது. தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக் குறையவில்லை. ஒத்திகை அமோக வெற்றி என்று எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

இப்படியாக நிலையம் தயாராகி நிற்கும்போது கொம்பையாவின் வாழ்க்கையிலும் ஒரு வாசல் திறந்தது. அவருக்குப் பெண் தேடி அலுக்காத தரகர் அந்த வட்டாரத்தில் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? விமான நிலையப் பொறுப்பாளர் என்று ஆன பிறகுதான் செண்பகவடிவின் சம்பந்தம் வந்தது. வடிவுக்குச் சொந்த ஊர் பக்கத்திலேதான். சென்னையில் ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறவர்களின் போனை எடுத்துப் பதில் சொல்லும் வேலை. வயது முப்பத்தாறு. வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண்.

"பொண்ணு பார்க்க யாரும் வர வேண்டாம். மாப்பிள்ளையை நான் வந்து பார்க்கேன். அந்த ஊருக்கு விடுற முதல் விமானத்துலயே வாரேன், பார்த்துட்டு அதுலயே திரும்பிருவேன்" என்று வடிவு சொல்லியனுப்பினாள்.

அந்தச் சேதி வந்ததிலிருந்து கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. வடிவின் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கோபுரத்தில் ஏறி, வராத விமானத்துக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். இவளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இனி இந்த ஜென்மத்தில் கல்யாணம் இல்லை என்று அவருக்குத் தெரியும். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டு அவருக்கு அவ்வளவு வெறுத்துப்போயிருந்தது.

விமானம் வரும் நாளும் வந்தது. விமானியைத் தவிர நாலு பேர் உட்காரும் குட்டி விமானம். சோதனை ஓட்டம் என்பதால் வேறு யாரும் துணியவில்லை. வடிவு மட்டும்தான் வரவும் போகவும் டிக்கெட் வாங்கியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் என்று சொல்லிக்கொள்ளக் கொம்பையாவுக்கு வேறு நாதி இல்லாததால், மற்ற மூவரும் அந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்கள். காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு ஆண்கள் பட்டுக்கரை வேட்டி கட்டினார்கள். ஆவுடையக்கா கண்டாங்கிச் சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டார்.

கொம்பையா கோபுரத்தில் ஏறி வயர்லெஸ்ஸைப் பிடித்தார். ஞானராஜ் சொல்லிக்கொடுத்ததை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். 'விமானி எது கேட்டாலும் உடனே பதில் சொல்லணும், அவரைக் காக்க வைக்கவே கூடாது. எங்க இருந்தாலும் சின்ன வயர்லெஸ் கையில இருக்கணும். கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லணும். பார்க்காததைப் பார்த்தேன்னு சொன்னா உயிர் போயிரும்.'

"நரிப்பொட்டல், காற்று எப்படி இருக்கு?" என்று விமானியின் குரல் வந்தது.

கொம்பையா குழாயைப் பார்த்தார். "ரொம்பப் பலமா அடிக்குது சார். குழாய் விறைச்சு நிக்குது. ஆனா ஒரு இலை அசையலை."

விமானி காற்றை அதோடு விட்டுவிட்டார். பிறகு, "ஓடுபாதையில ஆடு மாடு ஏதாவது நிக்குதா?" என்றார்.

"நிக்கலை சார்."

அது சத்தியம். ஓடுபாதையில் ஒரு ஆடுகூட நிற்கக் கூடாது என்று ஞானராஜ் மூக்காண்டியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வயிறு நிறைந்த ஆடு நிற்காது, படுத்துவிடும் என்பது மூக்காண்டிக்குத் தெரியும். அதனால் விடிந்ததிலிருந்து ஊர் ஆடு முழுவதையும் பாதைக்கு ஓட்டிவந்து கடலைக்கொடியாகப் போட்டு வயிற்றை நிரப்பியிருந்தார். எல்லாம் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு எழுந்திருக்கப் பார்த்தபோது மூக்காண்டியே ஓடிப்போய் அமுக்கி உட்காரவைத்தார்.

விமானம் தாழ வந்து, ஆடுகளின் முதுகை உரசாத குறையாக மறுபடி மேலே ஏறியது. அந்தச் சத்தத்தில் ஆடுகள் நாலு திசையும் ஓடிப்போனதால் இரண்டாவது தடவை ஒழுங்காக இறங்கியது. விமானி இறங்கி முதல் வேலையாகச் சக்கரத்தில் ஆட்டு மயிர் ஏதும் இருக்கிறதா என்று குனிந்து தேடினார். அதன்பிறகு விமானத்தை விட்டு அவர் நகரவே இல்லை.

வடிவு கூடத்துக்குள் வந்தாள். கரண்ட் போயிருந்தது. பயணி எடுக்கும்வரை பை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. அதனால் பொன்னுலிங்கம் அவளுடைய பையைத் தலையில் வைத்து, நின்றுபோன பெல்ட்டைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"அது என் பைதான், குடுங்க" என்றாள் வடிவு.

"இப்ப குடுக்கக் கூடாதும்மா. சுத்தி வரும்போது நீங்களே எடுத்துக்கிடணும்" என்றார் பொன்னுலிங்கம், நிற்காமல். வடிவு கூடவே ஓடிப்போய்த்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்ததும் ஆவுடையக்கா குலவை போட்டார்.

பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் பேச நேரம் கொடுத்து மற்றவர்கள் நாகரிகமாக வெளியே போய் நின்றார்கள். எதிரெதிரே இரண்டு நாற்காலி. இடையில் ஒரு கைநீளம்தான். கரண்டும் வந்துவிட்டது. கொம்பையா தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கை எடுத்தார். பயணிகளிடம் எதைச் சொன்னாலும் மைக்கில் சொல்ல வேண்டும், மூன்று தடவை சொல்ல வேண்டும் என்பது ஞானராஜின் உத்தரவு. வடிவு பயணி. அதை எப்படி மீறுவது?

"சென்னையிலிருந்து வந்திருக்கும் பயணி செண்பகவடிவு அவர்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கிகள் பொட்டல் முழுவதும் முழங்கின. "என் பெயர் கொம்பையா. எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. சோறு வடிக்கத் தெரியும், குழம்பு சுமாராக வரும். உங்களை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. உங்கள் பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்."

இதை மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. வெளியே வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கொம்பையாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கிளம்பும்போது சொல்லுதேன்" என்றாள் ஒருவழியாக. "முதல்ல ஒரு காபி குடிச்சுக்கிடட்டுமா?"

கொம்பையா வெளியே வந்து சேதியைச் சொன்னார். கிளம்பும்போது சொல்வாளாம். நாலு பேரும் வட்டமாக நின்று யோசித்தார்கள்.

"கிளம்புற நேரத்துல மனசு சந்தோசமா இருந்தாத்தான் நல்ல பதில் வரும்" என்றார் ஆவுடையக்கா. "பொம்பளைப் புள்ளை தனியாப் போவுது. நாமதான் வண்டியில இடம் பிடிச்சு ஏத்திவிடணும்."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. சொந்தக்காரர் ஊருக்குப் போகும்போது முண்டியடித்து ஏறி, துண்டைப் போட்டுச் சன்னலோரம் பிடித்து, அவர்கள் வந்ததும் எழுந்து கொடுத்துவிட்டு இறங்குவதுதானே மரியாதை? வடிவு காபிக்கடையில் காபியை ஆற்றிக்கொண்டிருக்க, நாலு பேரும் விமானத்துக்குள் ஏறினார்கள். விமானி காதில் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

கொம்பையா இடது பக்கம் முன்சீட்டில் துண்டை விரித்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். பொண்ணு கறுத்துப்போவும். வலது பக்கம் பிடிப்போம்" என்று மூக்காண்டி வலப்பக்கம் உட்கார்ந்தார்.

"வடக்க போற வண்டிக்கு வலது பக்கம்தான்ல காலை வெயில்" என்றார் பொன்னுலிங்கம். "பின்னாடிதான் சரி. இறக்கை நிழல் விழும்." அவர் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"அந்த ஓரம் உட்கார்ந்தா தூக்கித் தூக்கிப் போடும்ல! அந்தப் புள்ளைக்குக் குமட்டும்" என்று ஆவுடையக்கா அவருக்குப் பக்கத்து இடத்தைப் பிடித்தார். "இந்த ஓரமா இருந்தா சாஞ்சுக்கிட்டுத் தூங்கலாம்."

கொம்பையா நெடுநேரம் ஆலோசித்தார். வாழ்க்கையே அந்த ஒரு சன்னலில் இருக்கிறது. தப்பான சன்னலைக் கொடுத்து அவள் தப்பான பதிலைச் சொல்லிவிட்டால்? "நாலு இடத்தையும் பிடிச்சே வைப்போம்" என்று முடிவு சொன்னார். "யாரும் எந்திரிக்காதீங்க. எந்திரிச்சா வேற யாராவது உட்கார்ந்துருவாங்க. வந்து அவங்களே பிடிச்சதைப் பார்த்து எடுத்துக்கிடட்டும்."

விமானி திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு பயணி என்று சொல்லியிருந்தார்கள். பார்த்தால் நாலு சீட்டும் நிரம்பியிருக்கிறது. உள்ளூரில் டிக்கெட் விற்றிருக்கிறது போல என்று சந்தோஷப்பட்டார். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டார்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து எண்ணிக்கொண்டார்கள். "எல்லாரும் ஏறியாச்சு" என்றார்கள். ஏசிக் காற்று வெளியே போகிறதே என்று மூக்காண்டி கதவையும் இழுத்துச் சாத்தினார்.

இயந்திரம் உறுமியது. கொம்பையா அசையவில்லை. தன்னைக் கேட்காமல் ஒரு விமானமும் கிளம்ப முடியாது என்ற தைரியம் அவருக்கு. அந்த நேரம் பார்த்துக் கையிலிருந்த சின்ன வயர்லெஸ் பேசியது.

"நரிப்பொட்டல், புறப்படலாமா? ஓடுபாதை காலியா?"

விமானியைக் காக்க வைக்கக் கூடாது. கொம்பையா சன்னல் வழியாகப் பாதையைப் பார்த்தார். "சுத்தமா காலியா இருக்கு சார். தாராளமாப் போங்க" என்றார். சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் இரண்டு விசிலும் ஊதினார்.

வடிவு காபி டம்ளரோடு வெளியே வந்தபோது விமானம் மண்ணை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது. சன்னல்களில் நாலு முகங்கள் தெரிந்தன. ஆவுடையக்கா பக்கத்துச் சன்னலைத் தட்டிக் காட்டி, இடம் பிடித்தாயிற்று, சீக்கிரம் வா என்று கையசைத்தார்.

மேலே, மூக்காண்டி எழுந்து விமானியின் தோளைத் தட்டினார். "டிரைவர் அண்ணே, ஏற வேண்டிய ஆளு கீழ நிக்காங்க. கொஞ்சம் ஓரங்கட்டுங்க." விமானிக்குப் பாதிதான் கேட்டது. யாரையோ விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்பது மட்டும் புரிந்தது. வண்டியைத் திருப்பினார்.

"நரிப்பொட்டல், திரும்பி வந்துட்டிருக்கேன். நான் உங்க கண்ணுக்குத் தெரியறேனா?"

கொம்பையா வயர்லெஸ்ஸை வாய்க்குக் கொண்டுபோனார். பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். இடது சன்னலில் பார்த்தார். வானம் இருந்தது. தூரத்தில் ஒரு மேகம் இருந்தது. விமானம் இல்லை.

"மூக்காண்டி, உன் பக்கம் விமானம் ஏதாவது தெரியுதா?"

"இல்லையே அண்ணாச்சி."

"பொன்னுலிங்கம்?"

"என் பக்கமும் காணோம்."

"ஒரு பருந்து போவுது தம்பி" என்றார் ஆவுடையக்கா. "விமானம் மாதிரி எதுவும் இல்லை."

கொம்பையா வயர்லெஸ்ஸில் சொன்னார். "சார், நாலு பக்கமும் பார்த்துட்டோம். உங்களைக் காணோம்."

"நல்லாப் பாருங்க! உங்களுக்கு நேர் மேலதான் இருக்கேன்!"

கொம்பையா அண்ணாந்து பார்த்தார். "மேல கூரைதான் சார் இருக்கு."

விமானிக்கு வியர்த்துவிட்டது. பின்சீட்டில் ஆவுடையக்கா, பாவம் யார் பெற்ற பிள்ளையோ, காலையில்கூட நல்லாப் பேசினாரே என்று காணாமற்போன விமானிக்காக மூக்கைச் சிந்தத் தொடங்கினார். மூக்காண்டியும் பொன்னுலிங்கமும் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போது வயர்லெஸ்ஸில் வேறொரு குரல் கேட்டது. நிதானமான பெண் குரல். "எனக்குத் தெரியுது சார். என் தலைக்கு மேலதான் சுத்திக்கிட்டு இருக்கீங்க."

"யார் பேசறது?" என்றார் விமானி.

"நீங்க விட்டுட்டுப் போன பயணி. கோபுரத்துல யாரும் இல்லை, அதான் நான் ஏறி வந்தேன்."

"விமான நிலையத்து ஆளுங்கல்லாம் எங்க?"

"உங்க பின்னாடி உட்கார்ந்திருக்காங்க சார். அந்த நாலு பேருந்தான் விமான நிலையம்."

விமானி மெல்லத் திரும்பிப் பார்த்தார். நாலு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவர் மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார். "அம்மா, ஓடுபாதை காலியா? நான் இறங்கலாமா?"

"காலியாத்தான் இருக்கு. ஒரு நிமிசம் பொறுங்க சார், உங்ககூட இருக்கிற ஒருத்தருக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கு." வடிவு சிரிப்பை அடக்க முடியாமல் கொஞ்சம் நிறுத்தினாள். "கேக்குதாங்க? இதுவரைக்கும் என்னைப் பார்த்த மாப்பிள்ளை எல்லாரும் என் சம்பளத்தைத்தான் கேட்டாங்க. எனக்குச் சன்னலோரம் பிடிக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலை. தினமும் அழுறவங்க போனையே எடுத்து எடுத்து, இப்படி வயிறு வலிக்கச் சிரிச்சு எவ்வளவோ நாளாச்சு. எனக்குச் சம்மதம்."

கொம்பையாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாற்பத்தொரு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருந்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. விமானத்துக்குள்ளேயே எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் பொறுப்பான மனிதர். சுற்றிலும் சோகமான முகங்களைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வயர்லெஸ்ஸைப் பிடித்தார்.

"வடிவு, எனக்கு ரொம்ப ரொம்பச் சந்தோசம். ஆனா இப்ப கல்யாணப் பேச்சு எடுத்தா நல்லா இருக்காது. ஒரு விமானமே காணாமப் போய்க் கிடக்கு. அது முதல்ல கிடைக்கட்டும். கிடைச்ச மறுநாளே பரிசம் போட்டுருவோம்."

"அதுதான் முறை" என்றார் ஆவுடையக்கா.

விமானம் இறங்கியது. கதவு திறந்ததுதான் தாமதம், பொன்னுலிங்கம் தீயணைப்பு வண்டியைக் கிளப்பிக்கொண்டு கிழக்கே தேடப் போனார். மூக்காண்டி பனங்காட்டுப் பக்கம் ஓடினார். தேடிக் களைத்து வருகிறவர்களுக்கு என்று ஆவுடையக்கா அண்டா நிறையக் காபி போடப் போனார்.

கடைசியாகக் கொம்பையா இறங்கினார். விமானி விமானத்தின் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொம்பையா அவர் பக்கத்தில் போய், ஆறுதலாகத் தோளில் கைவைத்து மெதுவாகக் கேட்டார்.

"சார், நீங்க இப்ப மேல இருந்துதானே வாரீங்க? வர்ற வழியில விமானம் ஏதாவது கண்ணுல பட்டுச்சா?"